அந்தக் கர்னல் யார்? தீவிரவாதத் தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி கட்டுரை ஒன்றை அனுப்பி, "அண்ணா, சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்றார். அல் கொய்தாவின் இப்போதைய தலைவர் என்று சொல்லப்படும் சைஃப் அல்-அத்லின் வாழ்க்கைக் குறிப்பு. மொழி நன்றாக இருந்தது, ஓட்டம் இருந்தது. இரண்டாவது பத்தியில் "எகிப்து ராணுவத்தின் சிறப்புப் படையில் கர்னலாக இருந்த முகமது இப்ராஹிம் மக்காவி, பிற்காலத்தில் சைஃப் அல்-அத்ல் என்ற பெயரில்..." என்று வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டத்தட்ட இதே வரியை 2012-இல் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

ராணுவத்திலிருந்து வந்து ஆயுதக் குழுவுக்குத் தலைவரானவர்களைப் பற்றி எழுத ஆரம்பிக்கும் எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். நானும் விழுந்தேன். மில்லியனைக் கோடியாக்கும்போது ஒரு பூஜ்ஜியம் கூடுவது, அமெரிக்கத் தேதியில் மாதம் முன்னால் வருவதை மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஆசிரியரிடம் இரண்டு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். திட்டு வாங்கியும் சரியாகாதவை வேறு.

பெயரிலேயே வழுக்குவது

சைஃப் அல்-அத்ல் என்பது பெற்றோர் வைத்த பெயர் கிடையாது, இயக்கப் பெயர். நீதியின் வாள் என்று பொருள். ஆங்கில எழுத்தைப் பார்த்து நம் ஆட்கள் சயீப் அல் அடெல், செய்ப் அல் ஆதில் என்றெல்லாம் எழுதுவார்கள். நான் ஒருமுறை "அல் ஆடல்" என்று எழுதி, ஆடல் பாடல் நிகழ்ச்சி மாதிரி அது அச்சுக்குப் போக இருந்தது. அப்போது எங்களோடு இருந்த மெய்ப்புத் திருத்துநர் பாய் தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, "தம்பி, உன் கூட சைஃபுதீன்னு யாரும் படிக்கலையா? அந்த சைஃப்தான் இது. அத்ல்னா நீதி. இதுல எங்கேருந்து ஆடல் வந்துச்சு?" என்றார். அன்றிலிருந்து அரபுப் பெயர் எதுவானாலும் அரபி தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இதைவிட மோசம், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக நினைத்து "அல்-மஸ்ரி கூறினார்" என்று எழுதுவது. மஸ்ரி என்றால் எகிப்துக்காரர், அவ்வளவுதான். சைஃப் அல்-அத்லைச் சுற்றி மட்டும் மூன்று மஸ்ரிகள் உண்டு. 2020-இல் தெஹ்ரானில் கொல்லப்பட்ட அபு முகமது அல்-மஸ்ரி, 2017-இல் சிரியாவின் இத்லிபில் கொல்லப்பட்ட அபு அல்-கைர் அல்-மஸ்ரி, அப்புறம் சைஃப் அல்-அத்லின் மாமனார் அபு வலீத் அல்-மஸ்ரி. இந்த மாமனாரின் நிஜப் பெயர் முஸ்தஃபா ஹமீத், பத்திரிகையாளர். ஒரே கட்டுரையில் இந்த மூவரையும் "அல்-மஸ்ரி" என்று எழுதுவது, "மதுரைக்காரர் சொன்னார், அதை மதுரைக்காரர் மறுத்தார், மதுரைக்காரர் இறந்துவிட்டார்" என்று எழுதுகிற மாதிரி.

"ராணுவத்தில் இருந்தவர்" என்று ஒரே வரியில் முடிப்பது

எந்த ராணுவம், என்ன பதவி, எத்தனை வருடம், சேர்ந்தாரா பிடித்துக்கொண்டு போனார்களா, ஏன் வெளியே வந்தார் என்கிற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் "ராணுவப் பின்னணி கொண்டவர்" என்று எழுதினால் அந்த வரிக்கு எடையே கிடையாது.

உஸ்பெகிஸ்தான் இஸ்லாமிய இயக்கத்தின் ராணுவத் தலைவராக இருந்த ஜுமா நமன்கானியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை "முன்னாள் சோவியத் ராணுவ அதிகாரி" என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1969-இல் நமன்கானில் பிறந்த ஜுமாபாய் கோஜியேவ் (அதுதான் அவருடைய நிஜப் பெயர்), சோவியத் நாட்டில் பதினெட்டு வயதான எந்தப் பையனையும் போலக் கட்டாயச் சேவைக்குப் போனவர். வான்குடைப் படையில் போட்டார்கள், ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்தது அவரை மாற்றியது என்று எழுதுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. அதிகாரி என்று எழுதாதீர்கள்.

ஐ.எஸ். அமைப்பின் ராணுவத் தலைவர்களில் ஒருவராக இருந்த அபு ஒமர் அல்-ஷிஷானி விஷயத்தில் வேறு மாதிரி ஊதிப் பெரிதாக்குவார்கள். "அமெரிக்கா பயிற்சி கொடுத்த சிறப்புப் படைத் தளபதி" என்பார்கள். அவருடைய நிஜப் பெயர் தர்கான் பத்திராஷ்விலி, ஜார்ஜியாவின் பான்கிசி பள்ளத்தாக்கில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவர், அம்மா கிஸ்ட் என்ற சிறுபான்மை முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவர். ஜார்ஜிய ராணுவத்தில் சார்ஜென்ட்டாக இருந்தார், 2008-இல் ரஷ்யாவோடு நடந்த போரில் உளவு பார்க்கும் பிரிவில் இருந்தார். 2010-இல் காசநோய் வந்து படையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அதே வருடம் சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்ததாகக் கைதானார், 2012-இல் வெளியே வந்து துருக்கி வழியாக சிரியாவுக்குப் போய்விட்டார். "தளபதி" என்று எழுதினால் காசநோய், வேலையிழப்பு, சிறை மூன்றும் கட்டுரையிலிருந்து காணாமல் போய்விடும். எனக்கு அந்த மூன்றும்தான் முக்கியமாகப் படுகிறது.

பதவி சின்னதாக இருந்தாலும் சில நேரம் அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 1981 அக்டோபர் 6-ஆம் தேதி அணிவகுப்பு மேடையில் எகிப்து அதிபர் அன்வர் சதாத்தைச் சுட்டுக் கொன்றவர்களுக்குத் தலைமை தாங்கிய காலித் இஸ்லாம்பூலி, பீரங்கிப் படையில் ஒரு லெப்டினன்ட். கர்னலோ மேஜரோ அல்ல. அணிவகுப்பில் வரும் ஒரு லாரியில் வழக்கமான சிப்பாய்களை இறக்கிவிட்டுத் தன் ஆட்களை ஏற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் அவருக்கு அதிகாரம் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. பதவியை உயர்த்தி எழுதினால் இந்த நுணுக்கம் செத்துவிடும்.

பின்னணி நிஜமாகவே பெரிதாக இருப்பவர்களும் உண்டு. எகிப்தின் சாயிக்கா என்ற கமாண்டோ படையில் அதிகாரியாக இருந்து நீக்கப்பட்ட ஹிஷாம் அஷ்மாவி அப்படிப்பட்டவர். 2018-இல் லிபியாவின் டெர்னாவில் பிடிபட்டு, 2020 மார்ச்சில் எகிப்தில் தூக்கிலிடப்பட்டார். இவரைப் பற்றி எழுதும்போது படையில் கற்றதையும் படை அவரை ஏன் தள்ளியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதுபவர்கள்தான் அதிகம்.

இரண்டு பேரை ஒருவராக்குவது

சரி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

2012 பிப்ரவரி 29. லீப் வருடத்தின் அந்த உபரி நாளில், கெய்ரோ விமான நிலையத்தில் சைஃப் அல்-அத்ல் கைது என்று செய்தி வந்தது. பாகிஸ்தானிலிருந்து துபாய் வழியாக வந்து இறங்கியவரைப் பிடித்துவிட்டார்கள். அப்போது நான் ஒரு வார இதழில் இருந்தேன், மறுநாள் பக்கங்கள் மூடும் நாள். என்னிடம் ஒரு கோப்பு இருந்தது. அதற்கு முந்தின வருடம் பின்லேடன் கொல்லப்பட்டதும், இடைக்காலத் தலைவராக சைஃப் அல்-அத்ல் வந்திருக்கிறார் என்று பேச்சு அடிபட்டதே, அப்போது சேர்த்து வைத்தது. இரவோடு இரவாக நான்கு பக்கம் எழுதினேன். எகிப்தின் சிறப்புப் படைக் கர்னல், விமானத்தைக் கொண்டுபோய் நாடாளுமன்றக் கட்டடத்தில் மோதுவது பற்றி எண்பதுகளிலேயே பேசியவர், ராணுவக் கட்டுப்பாட்டை அல் கொய்தாவுக்குள் கொண்டுவந்தவர் என்று ஒரே பெருமிதம். தலைப்பில் "கர்னல்" என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டார்கள்.

விமான நிலையத்தில் பிடிபட்டவர் அங்கேயே சொல்லிவிட்டார். நான் முகமது இப்ராஹிம் மக்காவி, சைஃப் அல்-அத்ல் அல்ல, அந்த இயக்கத்தோடு எனக்குத் தொடர்பு விட்டுப் பல வருடமாகிறது என்றார். அதிகாரிகளும் ஆள் வேறு என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் எங்கள் இதழ் அச்சகத்திலிருந்து பேருந்து நிலையக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நடந்தது இதுதான். மக்காவி என்று ஒருவர் நிஜமாகவே இருந்தார். எகிப்து ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, தீவிரவாதக் குழுக்களோடு பழகி, எண்பதுகளின் கடைசியில் ஆப்கானிஸ்தான் பக்கம் போனவர். சைஃப் அல்-அத்ல் என்பவர் இன்னொரு எகிப்தியர், முனூஃபியா மாகாணத்தைச் சேர்ந்த முகமது சலாஹுத்தீன் ஜைதான். மக்காவியைவிட இளையவர். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில் நடமாடியவர்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2001 அக்டோபரில் வெளியிட்ட அதிகம் தேடப்படுவோர் பட்டியலில் சைஃப் அல்-அத்லுக்கு மக்காவி என்பதும் ஒரு மறுபெயர் என்று போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பாலமாகப் பிடித்துக்கொண்டு, மக்காவியின் ராணுவ வாழ்க்கை முழுவதும் ஜைதான் வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

இந்தப் பிழை ஏன் இவ்வளவு நாள் சாகாமல் இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். கர்னல் என்ற சொல் எழுதுபவனுக்கு அவ்வளவு வசதி. அவர் ஏன் பொறுமையானவர்? கர்னல். ஏன் திட்டமிட்டுச் செய்கிறார்? கர்னல். ஏன் மேடையில் பேசுவதில்லை, ஏன் முகம் காட்டுவதில்லை? எல்லாவற்றுக்கும் அதே பதில். ஒரு மனிதரின் குணத்தை நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிரமத்தை அந்த ஒற்றைச் சொல் மிச்சப்படுத்திவிடுகிறது. அந்தப் பதவி வேறொருவருடையது என்று தெரிந்த நிமிடம் கட்டுரையின் முதுகெலும்பு கழன்று கையோடு வந்துவிடும். ஜைதானும் ராணுவத்தில் ஏதோ ஒரு வகையில் இருந்தார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், சிறப்புப் படைக் கர்னல் கதையை அப்படியே தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சண்டையைத்தான் எழுத வேண்டும். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, தீர்ந்துபோன விஷயம் மாதிரி எழுதக் கூடாது.

எனக்கு என்ன ஆயிற்று? ஒரு வாசகர் அஞ்சலட்டையில் "கர்னலை விடுதலை செய்யவும்" என்று ஒரே வரி எழுதிப் போட்டார். அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், ஜோதிடக் கட்டத்துக்குக் கீழே மூன்று வரி வருத்தம் தெரிவித்தோம். ஆறேழு மாதம் எனக்கு வெளிநாட்டுப் பக்கம் தரவில்லை, கோடை விழா, மாம்பழக் கண்காட்சி என்று அலைந்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

முடியவில்லை. தம்பியின் கட்டுரையில் முனூஃபியா என்பது "மொனுப்பியா" என்று இருந்தது. தமிழில் அந்த ஊரை அப்படி எழுதிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும், 2012-இல், தூக்கக் கலக்கத்தில். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு தொகுப்பிலிருந்து எடுத்தேன் என்றார். அந்தத் தொகுப்பு இன்னொன்றிலிருந்து, அது மற்றொன்றிலிருந்து. வருத்தம் தெரிவித்த அந்த மூன்று வரியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. விட்ட புறா திரும்பி வந்த மாதிரி என் பிழை என் மேஜைக்கே வந்து உட்கார்ந்திருந்தது. அவரிடம் என்னவென்று கோபப்படுவது?

இப்போது நான் செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை. ஒரு நோட்டுப் பக்கத்தில் மூன்று பத்தி கோடு போடுகிறேன். முதல் பத்தி மக்காவி, இரண்டாவது ஜைதான், மூன்றாவது யாருடையது என்று உறுதியில்லாதது. ஒவ்வொரு தகவலையும் எடுத்து, இது முதன்முதலில் எந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று பார்த்து அந்தந்தப் பத்தியில் போடுகிறேன். சிறப்புப் படைப் பதவி மக்காவிக்குப் போகிறது. நாடாளுமன்றத்தில் விமானம் மோதுவது என்ற அந்தக் கதையும் அவர் பெயரில் உலவுவதுதான். மாமனார் முஸ்தஃபா ஹமீத், முனூஃபியா, ஈரானில் காவலில் இருந்த வருடங்கள் எல்லாம் ஜைதானுக்கு. 1987-இல் எகிப்தின் முன்னாள் உள்துறை அமைச்சர் ஹசன் அபு பாஷா மீது நடந்த கொலை முயற்சிக்குப் பிறகு கைதானது என்ற தகவல் இரண்டு பேர் வரலாற்றிலும் வருகிறது, அதனால் மூன்றாவது பத்தி. முதல் தடவை இப்படிப் போட்டுப் பார்த்தபோது மூன்றாவது பத்திதான் பக்கத்தின் அடி வரை நீண்டது. நான் அன்று நான்கு பக்கம் எழுதியதில் பெரும்பகுதி அங்கேதான் கிடந்தது.

கர்னலை எடுத்துவிட்டால் எழுத ஒன்றும் இருக்காதே என்று பயப்பட வேண்டாம். சைஃப் அல்-அத்ல் எழுதியவை என்று கருதப்படுபவை இருக்கின்றன. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட காலித் ஷேக் முகமதுவுக்கு 2002 ஜூனில் போன ஒரு கடிதம் அவருடையது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வெளிநாட்டுத் தாக்குதல்களை நிறுத்து, பல வருடமாகக் கட்டியதை ஆறே மாதத்தில் இழந்துவிட்டோம் என்ற பொருளில் கடும் எரிச்சலோடு எழுதப்பட்ட கடிதம். 2005-இல் வெளிவந்த இன்னொரு நீண்ட குறிப்பு, ஜோர்டானிலிருந்து வந்து, பின்னாளில் இராக்கில் அல் கொய்தாவுக்குத் தலைவரான ஜர்காவியைக் கந்தஹாரில் முதன்முதலில் சந்தித்தது பற்றி. பின்லேடனோடு ஒத்துப்போகாத அந்த முரட்டு ஆளை விலக்கிவிடாமல், தள்ளி ஹெராத்தில் ஒரு முகாம் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்ததை அதில் சொல்கிறார். அவருடைய குணம் தெரிய வேண்டுமானால் இங்கே தேடுங்கள். தோளில் இல்லாத பட்டையில் தேடாதீர்கள்.

"மூளையாகச் செயல்பட்டவர்"

இந்தத் தொடரை யாருக்கும் போடாதீர்கள், தயவுசெய்து.

குற்றச்சாட்டைத் தீர்ப்பாக எழுதுவது

1998-இல் கென்யாவிலும் தான்சானியாவிலும் நடந்த அமெரிக்கத் தூதரகக் குண்டுவெடிப்பு வழக்கில் நியூயார்க் நீதிமன்றத்தில் சைஃப் அல்-அத்ல் மீது குற்றப்பத்திரிகை உண்டு. அவர் பிடிபடவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. 1993-இல் சோமாலியாவில் அமெரிக்கப் படைகளோடு மோதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்பதும் குற்றச்சாட்டுதான். "குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது" என்று எழுதினால் வாக்கியம் நீளும், வேகம் குறையும். குறையட்டும்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலையும் சேர்த்து அவர் தலையில் கட்டுபவர்கள் உண்டு. அமெரிக்காவின் விசாரணை ஆணைய அறிக்கையிலேயே, அந்தத் திட்டத்தை உள்ளுக்குள் எதிர்த்தவர்களாகச் சொல்லப்பட்டவர்களில் இவர் பெயரும் வருகிறது. இதைப் படித்துவிட்டு உடனே "மிதவாதி" என்று எழுதிவிடாதீர்கள், அதையும் ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். திட்டத்தை எதிர்ப்பது வேறு, வன்முறையை எதிர்ப்பது வேறு.

சாவதற்கு முன்பே கொல்வது

அல் கொய்தாவோடு சேர்ந்து இயங்கிய இலியாஸ் காஷ்மீரி என்று ஒருவர். பாகிஸ்தான் ராணுவக் கமாண்டோ என்று எல்லோரும் எழுதிய ஆள், அந்தக் கமாண்டோ கதையும் கடைசி வரை சர்ச்சையில்தான் இருந்தது. 2009 செப்டம்பரில் ட்ரோன் தாக்குதலில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அக்டோபரில் ஒரு பத்திரிகையாளரைச் சந்தித்துப் பேட்டி கொடுத்தார். 2011 ஜூனில் மறுபடி இறந்தார் என்று வந்தபோது, முதல் சாவுக்கு இரங்கல் குறிப்பு மாதிரி எழுதியவர்கள் முழித்தார்கள்.

ஷிஷானிக்கும் இதே கதை. 2016 மார்ச்சில் அமெரிக்கத் தாக்குதலில் இறந்திருக்கலாம் என்று அமெரிக்கா சொன்னது. ஜூலையில், இராக்கின் ஷிர்காத்தில் நடந்த சண்டையில் இறந்தார் என்று ஐ.எஸ். அமைப்பின் செய்திப் பிரிவே சொன்னது. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். "இறந்தார்" என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதம் அவர் எழுந்து உட்காரும்போது மானம் போவது உங்களுக்குத்தான்.

ஈரானில் விருந்தாளியா, கைதியா

இரண்டுமே என்பதுதான் பிரச்சினை. ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி ஈரானுக்குப் போன அல் கொய்தாக்காரர்களை 2003-இல் அந்த நாடு காவலில் வைத்தது. 2015-இல், ஏமனில் கடத்தப்பட்ட ஒரு ஈரானியத் தூதரக அதிகாரியை மீட்பதற்கான பரிமாற்றத்தில் சைஃப் அல்-அத்ல் உள்பட ஐந்து பேருக்குக் காவல் தளர்ந்தது என்று செய்திகள் வந்தன. சிலர் சிரியாவுக்குப் போனார்கள், இவர் போகவில்லை. "ஈரான் அடைக்கலம் கொடுத்தது" என்று ஒரே வரியில் எழுதுபவரும் "ஈரான் சிறையில் வாடினார்" என்று எழுதுபவரும் ஆளுக்குப் பாதிக் காலத்தைத்தான் எழுதுகிறார்கள். ஷியா அரசு, சன்னி ஆயுதக் குழு, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் இருவருக்கும் ஒரே எதிரி. குடும்பத்தோடு காவலில் வைத்திருக்கும் ஆள் எப்போதாவது பேரத்துக்கு உதவுவார் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தலைவர்

பின்லேடனுக்குப் பிறகு அல் கொய்தாவின் தலைவராக இருந்த ஜவாஹிரி 2022 ஜூலை கடைசியில் காபூலில் கொல்லப்பட்டார். 2023 பிப்ரவரியில் வெளிவந்த ஐ.நா. அறிக்கை, நடைமுறையில் சைஃப் அல்-அத்ல்தான் தலைவர் என்று பல நாடுகள் கருதுவதாகச் சொன்னது, அமெரிக்காவும் ஆமாம் என்றது, ஈரான் மறுத்தது. "நடைமுறையில்" என்ற சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டாதீர்கள்.

பரிசுத் தொகை

ஒரு கோடி டாலர் "வரை". அந்த "வரை"யை விழுங்காதீர்கள்.

இஸ்லாமிய, இஸ்லாமியவாத

நம் பத்திரிகைத் தமிழில் இஸ்லாமியர் என்றால் முஸ்லிம்கள். அதே சொல்லை எடுத்து "இஸ்லாமியத் தலைவர் கைது" என்று தலைப்பு வைத்தால், பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் தலைவரைப் பிடித்துக்கொண்டு போன மாதிரி இருக்கும். மதத்தை அரசியல் கொள்கையாகக் கொண்டவரை இஸ்லாமியவாதி என்று எழுதலாம், ஆயுதம் எடுத்தவர் என்றால் அதையும் வெளிப்படையாக எழுதலாம். மெய்ப்புத் திருத்தும் பாய் இதை ஒருபோதும் சிவப்பு மையில் திருத்த மாட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார், நான் மாற்றுகிற வரை.

செத்தவர்களை மறப்பது

பெரும்பாலான கட்டுரைகளில் தலைவரின் தாடி, கண்ணாடி, பொறுமை எல்லாம் வரும். "அமெரிக்கத் தூதரகங்கள் மீது நடந்த தாக்குதல்" என்று ஒரு வரியும் வரும். வாசகர் அமெரிக்கர்கள் செத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்.

1998 ஆகஸ்ட் 7-ஆம் தேதி நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் சேர்த்து 224 பேர் இறந்தார்கள். அதில் அமெரிக்கர்கள் 12 பேர். நைரோபியில் மட்டும் 213 பேர், பெரும்பாலும் கென்யர்கள். தூதரகத்துக்குப் பக்கத்தில் இருந்த உஃபுண்டி ஹவுஸ் என்ற கட்டடம் அப்படியே சரிந்துவிட்டது. முதலில் ஒரு சின்ன வெடிச் சத்தம் கேட்டு, என்னவோ ஏதோ என்று சுற்றியிருந்த அலுவலகங்களில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெரிய குண்டு வெடித்தபோது கண்ணாடி முழுவதும் முகத்தில். நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணில் காயம், பலருக்குப் பார்வையே போய்விட்டது. இந்த ஒரு பத்தியை நான் இப்போது கட்டுரையின் மேல்பாதியில் போடுகிறேன். ஆசிரியர்கள் கீழே இறக்குவார்கள், நான் மறுபடி மேலே ஏற்றுவேன்.

தம்பிக்கு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. அப்புறம் கூப்பிட்டு, "அண்ணா, கர்னலை எடுத்தா தலைப்பே போயிடுதே. கட்டுரையிலயும் பாதி போகுது" என்றார். போகட்டும் என்றேன். மிச்சப் பாதியை நேற்று அனுப்பியிருக்கிறார். முனூஃபியா சரியாக இருக்கிறது, 2002 கடிதம் உள்ளே வந்திருக்கிறது. பிறந்த வருடம் மட்டும் முதல் பத்தியில் 1960, கடைசிப் பத்தியில் 1963. என்ன தம்பி இது என்று கேட்டால், எஃப்.பி.ஐ. சுவரொட்டியிலேயே இரண்டும் போட்டிருக்கிறதாம். எடுத்துப் பார்த்தேன். போட்டிருக்கிறது.